பின்சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர்

காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவரை பிரான்சில் கொண்டுபோய் விட்டால், அவருக்கு அதிகம் அந்நியமாகத் தோன்றாத ஊர் செயின்ட் எட்டியென்னாகத்தான் இருக்கும். லியோனுக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருத்தெருவாகத் தறி ஓடியது. நெய்தது புடவை அல்ல, பட்டு ரிப்பன். தறிக்கு மேலே, பூ வடிவம் நெய்ய உதவும் ஜக்கார்டு. இன்று காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டிக்கு மூலமான கருவியை ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கியது பக்கத்து லியோனில்தான். ரிப்பன் போக, செயின்ட் எட்டியென்னுக்கு இன்னும் இரண்டு தொழில்கள் உண்டு: துப்பாக்கி, சைக்கிள். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கூடங்கள் இருக்கின்றன.

அந்தப் பட்டு ஊரில் வளர்ந்த ஒரு கருவிதான், இன்னொரு பட்டு ஊரான காஞ்சிபுரத்தின் சைக்கிள் கடைக்காரர்களை இப்போது படுத்தி எடுக்கிறது. கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் செயினைப் பிடித்தபடி தொங்குகிறதே, கடைகளில் டிரெய்லர் என்கிறார்களே, அது.

பால் தெ விவி 1853-இல் பிறந்தவர். தொழில் பட்டு வியாபாரம். 1887-இல் பட்டை விட்டுவிட்டு செயின்ட் எட்டியென்னில் சைக்கிள் கடை போட்டார். அதே ஆண்டில் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. ஊரின் தெற்கு எல்லையைத் தாண்டியதும் சாலை 1,161 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாய்க்கு ஏறுகிறது. சமவெளியில் வேகமாகப் போக வைக்கும் பல்சக்கரம் அந்த ஏற்றத்தில் முழங்காலை உடைக்கும். ஏற்றத்துக்கு ஏற்ற பல்சக்கரமோ சமவெளியில் வெறுமனே காலைச் சுழல வைக்கும். அப்படியானால் ஒரே வண்டியில் இரண்டும், முடிந்தால் நான்கும் வேண்டும். இதை எழுதியதோடு நிற்காமல், தானே பல வகை கியர்களைப் பூட்டி மலை ஏறிக் காட்டினார். 1910-களின் தொடக்கத்தில் அதே ஊர்க்காரரான ஜோவானி பானெல், 'ஷெமினோ' என்ற பெயரில், செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றும் கருவியை விற்கத் தொடங்கினார். இன்றைய டிரெய்லரின் கொள்ளுத்தாத்தா அது. வெலோசியோ 1930-இல் ஊர் வீதியில் டிராம் மோதி இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் அந்தக் கணவாயின் உச்சியிலேயே நிற்கிறது.

பந்தயக்காரர்கள் இந்தக் கருவியை மதிக்கவில்லை. 1903-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு, கியர் என்பது வயதானவர்களின் சமாச்சாரம். கால் பலத்தால் ஜெயிப்பதே ஜெயம். அவர் பொறுப்பில் இருந்தவரை அந்தப் பந்தயத்தில் டிரெய்லருக்கு இடமில்லை. பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. முப்பத்து நான்கு வருடப் பிடிவாதம்! டிரெய்லர் என்பது நெளிவு சுளிவான, சீக்கிரம் கெடும் சாமான் என்ற எண்ணம் அந்தக் காலத்துச் சொத்து. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் இங்கிலாந்து வேறு வழியில் போனது. நாட்டிங்காமில் 1902-03 வாக்கில் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர், மூன்று கியரையும் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டது. மழை படாது, சேறு படாது, எதுவும் வெளியே தொங்காது. நம் சைக்கிள் பிரான்சிலிருந்து வரவில்லை, பிரிட்டனிலிருந்து வந்தது. ராலே, ஹெர்குலஸ், ரட்ஜ், ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டுப் பெரியவர்கள் ஒப்பிக்கும் பெயர்களெல்லாம் ஆங்கிலேயப் பெயர்கள். இதில் பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் 1861-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. துப்பாக்கிக் குழாயைத் துல்லியமாகக் கடையத் தெரிந்த ஊர்களே சைக்கிளுக்கும் ஊர்களாயின. செயின்ட் எட்டியென், பர்மிங்காம், பிறகு ஜப்பானில் சகாய். கடைசி ஊரைப் பற்றிப் பிறகு.

கப்பலில் வந்த 'ரோட்ஸ்டர்' என்ற ஆங்கிலேய சைக்கிள் கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கேரியர், ஒரே ஒரு பல்சக்கரம் என்று இருந்தது. இங்கே விற்றதில் ஹப் கியர்கூட அபூர்வம். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951-இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ் வெளிவந்தது. வண்டி மெட்ராஸ் வண்டியானது. வடிவம் பர்மிங்காம் வடிவமாகவே இருந்தது.

காஞ்சிபுரத்துக்கு அந்த வடிவம் போதுமானதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து எண்பது மீட்டர் சொச்சம் உயரத்தில், ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த தட்டையான ஊர் அது. ஏகாம்பரநாதர் கோயில் இருக்கும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர். வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெலோசியோவின் முழங்கால் வலி இந்த ஊரில் யாருக்கும் வந்திருக்காது. சொசைட்டியிலிருந்தோ முதலாளி வீட்டிலிருந்தோ பட்டு நூலையும் ஜரிகையையும் வாங்கிவரவும், நெய்த சேலையை மடித்துத் துணிப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒற்றைப் பல்சக்கரம் தாராளம். வண்டி ஓய்ந்த பிறகும் அதற்கு வேலை உண்டு: தமிழ்நாட்டு நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் ராட்டையின் பெரிய சக்கரம் பல இடங்களில் ஒரு பழைய சைக்கிள் ரிம்தான்.

இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே ஊர்தோறும் ஒரு கைத்தொழில் வளர்ந்தது. மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விடும் கடையே பழுது பார்க்கும் கடை. பஞ்சர் ஒட்டுவார்கள். சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றவிட்டு, ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்திப் பெண்டு எடுப்பார்கள். கோன் கழற்றி, தேய்ந்த பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து 'ஓவராயில்' செய்வார்கள். செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தை இரண்டு நட்டுகளில் இழுத்துப் பிடித்து முடுக்குவார்கள். எல்லாம் கண்ணும் காதும் விரலும் சேர்ந்த வேலை. ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் வண்டி கோபித்துக்கொள்ளாது. அந்தக் கறுப்பு வண்டியின் மிகப் பெரிய நற்குணம் அதன் மன்னிப்புதான்.

1991-க்குப் பிறகு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் கற்றதும் இந்த வகை வண்டியில்தான். பிற்பாடு தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததும் ஒற்றைப் பல்சக்கர வண்டியே. நம் மாநிலத்தில் சைக்கிள் செய்த பெரிய சமூகக் காரியம் எதற்கும் கியர் தேவைப்படவில்லை.

கியர் வந்தது மலைவண்டியின் தோளில் ஏறிக்கொண்டு. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுன்ட்டி இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதையில் உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1976-இல் 'ரீபேக்' என்ற பந்தயமே நடத்தினார்கள். இறங்குவது சுலபம், மேலே தள்ளிக்கொண்டு போவது யார்? கேரி ஃபிஷர் தன் பழைய வண்டியில் டிரெய்லரைப் பூட்டினார். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபோது மலைவண்டி கடையில் வாங்கும் பொருளாகிவிட்டது.

1990-களில் இந்தியப் பையன்களுக்கும் அந்தத் தோற்றம் வந்து சேர்ந்தது. ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலஸ் எம்.டி.பி. என்று நேரான ஹேண்டில்பார், தடித்த டயர், பளிச்சென்ற நிறம். ஆனால் விற்றதில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் அதே பழைய ஒற்றைப் பல்சக்கரம். மலைவண்டியின் சட்டையைப் போட்டுக்கொண்ட ரோட்ஸ்டர்! கேலியாகச் சொல்வதல்ல இது. விலையையும், கெட்டால் சரிசெய்ய ஆள் உண்டா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், உற்பத்தியாளர்கள் எடுத்தது புத்திசாலித்தனமான முடிவு.

அதற்குள் கியரின் சுபாவமே மாறிவிட்டிருந்தது. அந்த மாற்றம் நடந்த இடம் சகாய். போர்த்துகீசியர் 1543-இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியைப் பார்த்து அடித்துக் கொடுத்த கொல்லர்களின் ஊர் அது, கத்திக்கும் பேர்போனது. 1921-இல் அங்கே ஷோசபுரோ ஷிமானோ ஒரு பட்டறை தொடங்கினார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஃப்ரீவீல். காஞ்சிபுரத்துச் சைக்கிள் கடையில் எந்தப் பையனுக்கும் தெரிந்த அதே ஃப்ரீவீல்.

ஷிமானோ 1984-இல் செய்த காரியத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலைமை தெரிய வேண்டும். அதுவரை பெரும்பாலான வண்டிகளில் கியர் லீவருக்குப் படிகள் கிடையாது. உராய்வினால் நின்ற இடத்தில் நிற்கும்; ஓட்டுபவர் தள்ளித் தள்ளி, செயின் கரகரப்பது நின்றதும் விட்டுவிடுவார். ஒயர் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். டிரெய்லர் லேசாக வளைந்திருந்தாலும் கை அதை ஈடுகட்டிவிடும். பிழையைத் திருத்தும் கருவி வண்டியில் இல்லை, ஓட்டுபவரின் விரலில் இருந்தது. ஜப்பானின் இன்னொரு நிறுவனமான சன்டூர் 1964-இல், டிரெய்லரின் இணைகரத்தைச் சாய்வாக வைத்து, செயினைத் தாங்கும் சிறு சக்கரம் பல்சக்கரங்களின் சரிவையொட்டியே நகரும்படி செய்திருந்தது. அந்தக் காப்புரிமை இருபது ஆண்டில் முடிந்தது. ஷிமானோ உடனே அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, லீவருக்குள் 'கிளிக்' படிகளை வைத்து, தன் உயர்ரகப் பந்தயச் சாமான்களில் எஸ்.ஐ.எஸ். என்று வெளியிட்டது. ஒரு கிளிக், ஒரு கியர். சில ஆண்டுகளில் அது மலைவண்டிக்கும், அதன்பின் மலிவு வண்டிக்கும் இறங்கிவந்தது.

ஓட்டுபவருக்குச் சுகம். மெக்கானிக்கின் பாடு ஆரம்பம். விரலில் இருந்த திருத்தம் முழுவதும் இனி ஒயர், ஒயர் ஓடும் உறையான அவுட்டர், டிரெய்லர், அது தொங்கும் ஹேங்கர், பல்சக்கரம், செயின் ஆகிய எல்லாவற்றின் அளவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது காஞ்சிபுரத்தில் ஓடும் சாதாரண கியர் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னே மூன்று, பின்னே ஏழு. பெருக்கி '21 கியர்' என்று விற்பார்கள். பின்னாலுள்ள ஏழு பல்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு கிளிக்குக்கு லீவர் இழுக்கும் ஒயர் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். டிரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகர்கிறது. ஆகவே எங்கேயாவது ஒரு மில்லிமீட்டர் ஒயர் வீணானால், டிரெய்லர் போக வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே நின்று கரகரக்கும், அல்லது ஏறுகிற மாதிரி ஏறிச் சறுக்கும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் தொலைகிற இடங்களில் முதன்மையானது அவுட்டர். பிரேக் அவுட்டருக்குள் இருப்பது சுருளாகச் சுற்றிய கம்பி; இழுத்தால் சுருள் நெருங்கும், வளைத்தால் நீளம் மாறும். பிரேக்குக்கு அது பாதகமில்லை. கிளிக் கியருக்கு அது ஆகாது. அதற்காகவே ஷிமானோ, கம்பிகள் சுருளாமல் நீளவாக்கில் ஓடும் தனி அவுட்டரைக் கொண்டுவந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் கிடைத்த பிரேக் அவுட்டரை வெட்டிப் போட்டுவிட்டு, வண்டியின் மேலேயே பழி போடுவது சுலபம்.

அடுத்தது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டியில் தண்ணீர் ஒதுங்குமிடம், பின்சக்கரத்தருகே வளைந்து இறங்கும் அந்தக் கடைசித் துண்டு அவுட்டர். இதற்குத் தனி அடையாளம் உண்டு. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது கை பலத்தால் ஒயர் வந்துவிடும். சின்னதுக்கு இறங்கும்போது இழுக்க வேண்டியது டிரெய்லரின் ஸ்பிரிங். துருவின் பிடியை அதனால் மீற முடியாது. ஏறுகிறது, இறங்கத் தாமதிக்கிறது என்றால் அவுட்டரை மாற்று. இறங்குகிறது, ஏற மறுக்கிறது என்றால் ஒயர் தளர்வு. லீவர் பக்கமோ டிரெய்லர் பக்கமோ உள்ள திருகு பீப்பாயை அரைச் சுற்று, கால் சுற்று என்று வெளியே திருப்பு. ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே மாறி மாறித் தகராறு செய்தால், ஒயரை விட்டுவிட்டு வண்டியின் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்.

அங்கேதான் ஹேங்கர் இருக்கிறது. டிரெய்லர் தொங்கும் காது. கோயில் வாசலில் நெருக்கி நிறுத்திய வண்டிகளில் ஒன்று சாய்ந்தால் நாலு சாயும். வலது பக்கமாக விழுந்த கியர் வண்டியில் முதல் அடி டிரெய்லருக்கு, வளைவு ஹேங்கருக்கு. அலுமினிய ஃபிரேமில் அது வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் தனித் துண்டாக வைக்கப்பட்டிருக்கிறது. ஃபிரேம் உடையாமல் அது வளையட்டும் என்று. இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வளைந்தால் எந்தத் திருகும் உதவாது. கடைசிப் பல்சக்கரத்துக்குப் போகும்போது டிரெய்லர் ஸ்போக்ஸுக்குள் புகுந்து சக்கரத்தையே நாசம் செய்துவிடவும் கூடும். இதை நிமிர்த்தத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத கடைக்கும் வழியிருக்கிறது: ஹேங்கரின் துளைக்கு 10 மில்லிமீட்டர் மரை; குவிக் ரிலீஸ் வகைப் பின்சக்கர ஆக்ஸில் பலவற்றுக்கும் அதே மரை. வேறொரு சக்கரத்தின் ஆக்ஸிலை அந்தத் துளையில் திருகி நிறுத்தினால் இரண்டு சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு ரிம்முக்கும் இடைவெளி மேலும் கீழும், முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். பெண்டு எடுத்துப் பழகிய கண்ணுக்கு இது புது வேலையே இல்லை.

டிரெய்லரில் 'எச்', 'எல்' என்று இரண்டு திருகுகள் இருப்பது பல குழப்பங்களுக்குக் காரணம். கியர் சரியில்லை என்றதும் ஸ்குரூ டிரைவர் நேரே அங்கே போகிறது. அவை இரண்டும் எல்லைக் கற்கள் மட்டுமே: ஒன்று செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு வெளியே போகவிடாது, மற்றது பெரியதைத் தாண்டி ஸ்போக்ஸில் விழவிடாது. நடுவிலுள்ள ஐந்து கியரும் கரகரப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. திருகிவிட்டு வண்டியைக் கொடுத்தால் கரகரப்பும் தீராது, முதல் ஏற்றத்தில் செயினும் கழன்று விழும்.

செயின் வேறு கதை. பழைய வண்டியின் செயினுக்கு உள் அகலம் எட்டில் ஒரு அங்குலம். கியர் வண்டிக்கு அதைவிடக் குறுகியது. ஒன்றுக்கு மற்றது ஆகாது. பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய ஒரு செயின் பகுதியின் நீளம், தேய்ந்து பன்னிரண்டே பதினாறில் ஒன்று என்று ஆகும்போதே மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒன்று தேயும்வரை விட்டால் பல்சக்கரங்களும் அந்தத் தேய்ந்த செயினுக்கேற்பத் தேய்ந்துவிடும்; பிறகு புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். செலவழித்துப் புதுச் செயின் போட்ட பிறகுதான் வண்டி கெட்டது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

இந்த மாதிரிக் குற்றம் தேடும் வழக்கம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. சேலையில் ஒரு பூ சரியாக விழவில்லை என்றால் நெசவாளி பட்டை நோண்டிக்கொண்டிருப்பதில்லை. இழையிலிருந்து மேலேறி, கொக்கி தூக்குகிறதா, அட்டையில் துளை அடைத்திருக்கிறதா, அட்டை வரிசை பிசகியதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவார். ஜக்கார்டும் ஒருவகையில் கிளிக் கியரின் முன்னோடிதான். நெசவாளியின் விரலும் நினைவும் செய்த தேர்வை அட்டையில் முன்கூட்டியே குத்தி வைத்துவிட்ட கருவி. அட்டை தப்பாக இருந்தால் எவ்வளவு தேர்ந்த கையும் பூவைக் காப்பாற்ற முடியாது.

வேறுபாடு ஒன்று உண்டு, அது கடைக்காரருக்குச் சாதகமாக இல்லை. ஜக்கார்டுக்கு அட்டை குத்துபவரும் கொக்கி மாற்றுபவரும் உள்ளூரிலேயே கிடைப்பார்கள். ஹேங்கர் அப்படியல்ல. நிறுவனத்துக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று அதன் வடிவங்கள் எண்ணி மாளாது. கறுப்பு ரோட்ஸ்டர் காலத்தில் ஒரு கம்பெனி ஃப்ரீவீல் இன்னொரு கம்பெனி வண்டியில் ஏறியது. லூதியானாவில் செய்த பெடல் அம்பத்தூர் வண்டிக்குப் பொருந்தியது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சைக்கிள் கடை பிழைத்ததற்கு அந்தப் பொருத்தமே காரணம். கியர் வண்டி அதை உடைத்துவிட்டது. ஷிமானோவே எஸ்.ஐ.எஸ்.ஸை விற்றது லீவர், ஒயர், டிரெய்லர், பல்சக்கரம், செயின் எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தால்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை வியாபாரத்தில் அதற்கு உலகத்தையே பிடித்துக் கொடுத்தது.

மறுபடியும் ஒரே அளவுக்குத் திரும்பும் முயற்சி 2019-இல் நடந்தது. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம், யார் வேண்டுமானாலும் தங்கள் ஃபிரேமில் வைத்துக்கொள்ளும்படி 'யு.டி.எச்.' என்ற பொது ஹேங்கரை அறிமுகம் செய்தது. விலை உயர்ந்த மலைவண்டிகளில் அது வேகமாகப் பரவிவிட்டது. காஞ்சிபுரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் 21 கியர் வண்டிகள் வரை அது இன்னும் இறங்கிவரவில்லை. அவற்றில் கணிசமானவை இரும்பு ஃபிரேம். ஹேங்கர், ஆக்ஸில் நட்டோடு சேர்த்து முடுக்கிய ஒரு தகட்டுத் துண்டு. வளைந்தால் கழற்றிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தலாம். பக்கத்தில் வேறொரு சக்கரத்தை நிறுத்தி அளந்து பார்க்கலாம். அதன்பிறகு கியருக்கென்று செய்த அவுட்டரை ஒரு மீட்டர் வாங்கிப் போட்டால், அந்த வண்டியின் ஏழு கியரும் ஒழுங்காக விழும்.